கையைக் கட்டிக்கொண்டு பார்த்த ஃபைனல்

அந்த வீடியோவில் முதலில் தெரிவது என் நைனாவின் கை.

முகம் பிறகுதான் வருகிறது. முழங்கை வரை மடித்துவிட்ட கட்டம் போட்ட சட்டை. அதிலிருந்து நீளும் கையில் இரண்டு விரல் கத்தரி மாதிரி ஒருதரம் வெட்டுகிறது, உடனே கட்டைவிரல் தோளுக்கு மேலே பின்பக்கம் காட்டுகிறது. அடுத்து வருவது பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் கை, கண்ணாடி வளையலோடு. அதற்கப்புறம் கேமரா நகர நகர எங்கள் தெருவே வரிசையாகக் கைகளாக வருகிறது. ஒருத்தர் வாயும் அசையவில்லை.

வீடியோ எடுத்தவன் தெலுங்கில் சிரிக்கிறான். "சூடண்டி, அந்தரூ சேதுலு ஊப்புதுன்னாரு. இதி சீட்டிங் காதா?" எல்லாரும் கையாட்டுகிறார்கள் பாருங்கள், இது சீட்டிங் இல்லையா என்கிறான்.

நான் அப்போது திருப்பதியில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். சங்கராந்தி விடுமுறைக்கு நகரிக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தேன். ரேணிகுண்டா தாண்டியதும் போனில் சிக்னல் கிடைத்து, வாட்ஸ்அப்பில் இது வந்து விழுந்தது. மூன்று குழுவிலும் இதே வீடியோ. தலை நிமிர்ந்தால் எதிர் சீட்டுக்காரரும் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஆட்டத்த பாக்கச் சொன்னா இன்னாத்தையோ நாட்டியம் ஆடிக்கினு இருக்காங்க பாரும்மா" என்று என்னிடமே காட்டினார்.

"யாரோ தெரியல சார்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சத்தத்துக்குள்ளே ஒரு பேச்சு

நகரிப் பக்கம் வராதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். (போன வாரம் விடுதி உப்புமாவைப் பற்றி எழுதியதற்கு இரண்டு பேர் கோபமாகக் கடிதம் போட்டிருக்கிறார்கள். உப்புமாவுக்கு அப்புறம் பதில் சொல்கிறேன். இது அவசரம்.)

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பவர்லூம் தறி. ஒரு கொட்டகையில் எட்டுத் தறி ஓடினால், பக்கத்தில் நிற்பவர் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் காற்றுதான் வரும். அதனால் கைதான் பேசும். இரண்டு விரல் வெட்டினால் நூல் அறுந்துபோச்சு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் தறியை நிறுத்து. நெற்றியில் தட்டினால் முதலாளி வருகிறார். கட்டைவிரலை உதட்டுக்குக் கொண்டுபோனால் டீ. தோளுக்கு மேலே காட்டினால் உன் பின்னாடி பார்.

கரண்ட் போனாலும் இந்தப் பேச்சு நிற்காது. மாடிக்கு மாடி, ரேஷன் கடை வரிசையில், கல்யாணப் பந்தியில் சாம்பார் கேட்பதற்குக்கூட. நான் முதன்முதலாகத் திருப்பதி விடுதியில் சாப்பிட உட்கார்ந்து தட்டுக்கு மேலே விரலைச் சுழற்றினேன். ரசம் கேட்கிறேன். ரசம் வரவில்லை. பக்கத்துப் பெண்தான் "ஈ ஓட்டறியா?" என்று கேட்டாள்.

இதில் நஷ்டமும் உண்டு. தறிச் சத்தத்தில் வருஷக்கணக்காக நின்றால் காது போகும். முதலில் கீச்சென்ற சத்தங்கள் போகும்: குக்கர் விசில், சைக்கிள் மணி, குழந்தை சிணுங்குவது. மேளம் கேட்கும், லாரி ஹாரன் கேட்கும். ஆனால் எங்கள் தெருவில் யாரையும் செவிடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "அவருக்குக் கொஞ்சம் சத்தம் ஏறியிருக்கு" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்தது. முகத்துக்கு நேராக நின்று பேசுவார்கள், அவ்வளவுதான்.

என் அம்மாவின் தம்பி ஏகாம்பரம் மாமாவுக்குச் சத்தம் ஏறியிருந்தது. முப்பது வயதுகூட ஆகவில்லை.

விசிலுக்காக ஆரம்பித்தது

மாமாதான் எங்கள் தெரு ஃபுட்பால் டீமில் ஸ்டாப்பர். கோலுக்கு முன்னால் கடைசிச் சுவர். தறிக்கான பாவு நூலை நீட்டிக் கட்டுவதற்கென்று விட்டிருந்த நீளமான, ஒல்லியான காலி இடத்தில் விளையாடிக் கற்றுக்கொண்ட டீம் இது. அகலமாக விளையாடவே தெரியாது. பந்தை எடுத்தால் நேராக ஒரே ஓட்டம். ஆனாலும் அந்த வருஷம் புத்தூரில் நடந்த பண்டிகை டோர்னமென்டில், டீமுக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டத்தில், செமிஃபைனலையும் ஜெயித்துவிட்டார்கள்.

மாமாவுக்கு ரெஃபரியின் விசில் கேட்காது. அதற்காகத்தான் கோட்டுக்கு வெளியே நின்ற நைனா முதன்முதலில் கையைக் கவிழ்த்தார். நிறுத்து, விசில் ஊதியாச்சு. நியாயமான காரியம்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஒரு தெரு முழுக்க நிற்கிறது, எல்லாருக்கும் கைப்பேச்சு தெரிகிறது, ஆடுபவர்களுக்கும் தெரிகிறது. கொஞ்ச நாளில் "பாஸ் அறுந்துபோச்சு" என்று ஒரு கை, "பின்னாடி ஆள் வரான்" என்று ஒரு கை, "இடது பக்கம் காலியா கீது" என்று ஒரு கை, "அவனுக்கு வலது காலே வராது" என்று ஒரு கை. கோட்டுக்கு வெளியே இருந்து யாரும் யோசனை சொல்லக்கூடாது என்பது போட்டி விதி. வாயால் சொல்லக்கூடாது என்றுதான் நாங்கள் புரிந்துகொண்டோம் என்று இப்போது எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். செல்வி அக்காவே நம்பவில்லை.

ஃபைனலில் எதிரணி சத்தியவேடு. பாதிப் பேர் ஸ்ரீ சிட்டி தொழிற்சாலைகளில் வேலை. எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பூட்ஸ். அவர்களுடைய ரசிகர் ஒருவர்தான் எங்கள் செமிஃபைனலுக்கு வேவு பார்க்க வந்து அந்த வீடியோவை எடுத்தது. நகரியை நீக்கிவிட்டு செமிஃபைனலில் தோற்ற டீமை ஆடவிடுங்கள் என்று கமிட்டியிடம் கூட்டமாகப் போய்விட்டார்கள்.

கமிட்டித் தலைவர் பலராம நாயுடு நல்ல மனிதர். யாரையும் பகைத்துக்கொள்ள முடியாத இடத்தில் அரிசி மண்டி வைத்திருப்பவர். இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு இப்படித் தீர்ப்புச் சொன்னார்: ஃபைனல் நடக்கும். நகரிக் கூட்டத்திலிருந்து ஒரு கை அசைந்தால் எச்சரிக்கை. மறுபடி அசைந்தால் கப் சத்தியவேட்டுக்கு.

சொல்லலாமா

நான் வீடு போய்ச் சேர்ந்தபோது எங்கள் வாசலில் தெருவே கூடியிருந்தது. பண்டிகைக்குத் தறி நிறுத்தியிருந்ததால் எல்லாரும் பேசுவது கிட்டத்தட்ட எல்லாருக்கும் கேட்டது. அதுவே எங்களுக்குப் புதுசு.

"ஒரே வார்த்தைல முடியற விஷயம்" என்றார் செல்வி அக்கா. "ஏகாம்பரத்துக்கு விசில் கேக்காது, அதுக்காகத்தான் கை காட்டறோம்னு நாயுடுகிட்ட சொல்லிட்டா போச்சு."

அம்மா உள்ளேயிருந்து வந்தாள்.

"சொல்லிட்டு? புத்தூர்ல அவனுக்குப் பொண்ணு பேசிக்கினு இருக்கோம். அவங்க வீட்ல எல்லாரும் கிரவுண்டுக்கு வராங்க. மைக்ல சொல்வீங்களா, மாப்பிள்ளை செவிடுன்னு?"

அந்த வார்த்தையை எங்கள் வாசலில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சொன்னவள் மாமாவின் சொந்த அக்கா.

"அப்ப விசிலுக்கு மட்டும்தான் காட்டினோமா நாம?" என்றார் நைனா மெதுவாக. "அவங்க சொல்றதும் பொய்யில்லையே. மணிக்குப் பின்னாடி ஆள் வரான்னு காட்டினது யாரு? நான்தான். மணிக்கு இன்னா, காது நல்லாதானே கீது."

முன்னால் நின்று கோல் போடுகிற மணி தலையைக் குனிந்துகொண்டான்.

மாமா எல்லார் உதட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் பேசுகிறார்கள் என்று கண்டுபிடித்துத் திரும்புவதற்குள் அடுத்தவர் ஆரம்பித்துவிடுவார். "இன்னா சொல்றாங்க?" என்று என்னைக் கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். "யாரும் கை காட்டக்கூடாதாம் மாமா" என்று மட்டும் சொன்னேன்.

"அவ்ளோதானே? நான் பாத்துக்கறேன்" என்றார். "இன்னும் ஒரு மேட்ச்தான். கண்ணு நல்லாதானே கீது எனக்கு."

அதோடு கூட்டம் கலைந்தது. யாரும் எதுவும் சொல்வதில்லை, யாரும் கையை எடுப்பதில்லை என்று முடிவு.

கை படுத்தும் பாடு

சொல்வது சுலபம். பிறந்ததிலிருந்து கையால் பேசியவர்கள் ஒரு மணி நேரம் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஃபைனல் அன்று புத்தூர் மைதானத்தில் செல்வி அக்கா இரண்டு கையிலும் தண்ணி பாட்டில் பிடித்துக்கொண்டார். சிலர் கையைப் பின்னால் கட்டி, துண்டால் ஒரு முடிச்சும் போட்டுக்கொண்டார்கள். நைனா இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு, குளிரில் நடுங்குகிறவர் மாதிரி நின்றார். மத்தியான வெயில். சுண்டல்காரர் வந்தபோது வேண்டும் என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எங்கள் வரிசையே அவரை முறைத்துப் பார்த்தது. அவர் பயந்து அடுத்த பக்கம் போய்விட்டார்.

எதிர்ப்பக்கம் சத்தியவேட்டுக்காரர்கள் டிரம்ஸ் வைத்து அடித்தார்கள். பேர் சொல்லிக் கத்தினார்கள். எங்கள் பக்கம் ஒரே மௌனம். அப்போதுதான் எனக்கு உறைத்தது, எங்களுக்கு ஆரவாரம் செய்யவே தெரியாது. நான் தனியாக "கமான் நகரி" என்று கத்திப் பார்த்தேன். பக்கத்திலிருந்தவர் திடுக்கிட்டுத் திரும்பினார். என் சொந்தச் சித்தப்பா.

ஆட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே அது நடந்தது. ரெஃபரி விசில் ஊதினார், எங்களுக்கு எதிராக ஃபவுல். எல்லாரும் நின்றார்கள். மாமா நிற்கவில்லை. ஓடி வந்து பந்தை ஓங்கி உதைத்தார், அது கூட்டத்தைத் தாண்டி ரோட்டில் போய் விழுந்தது. கிரவுண்டு சிரித்தது. ரெஃபரி திருப்பதிக்காரர், சின்ன வயசு. கோபத்தில் உதைத்ததாக நினைத்து மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினார். இன்னொன்று வாங்கினால் வெளியே.

மாமாவுக்கு எதற்கென்றே புரியவில்லை. எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். நாற்பது ஐம்பது பேர் நிற்கிறோம், எல்லாருக்கும் பதில் தெரியும். எல்லார் கையும் கட்டியிருக்கிறது.

"விசில் வினபடலேதாடா?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன் கத்தினான். விசில் கேட்கலையாடா. நல்லவேளை, மாமாவுக்கு அதுவும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அவர் ஆடியது ஆட்டமே இல்லை. யாராவது கொஞ்சம் வேகம் குறைத்தால் இவரும் நின்றுவிடுவார், விசிலோ என்று. மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பதற்காகப் பந்தை விட்டுவிட்டார். அப்படி அவர் ரெஃபரி பக்கம் திரும்பிய ஒரு நொடியில் சத்தியவேடு கோல் போட்டது.

அரைநேரம்

எங்கள் டீம் வேப்பமரத்தடிக்குப் போனது. மாமா போகவில்லை. நேராக மைதானத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்த ரெஃபரியிடம் போனார். அங்கே சத்தியவேடு கேப்டன் சந்துவும் நின்றிருந்தான்.

மாமாவுக்கு மெதுவாகப் பேச வராது. சத்தம் ஏறியவர்கள் யாருக்குமே வராது. அதனால் மைதானத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

"சார், எனக்கு விசில் கேக்காது. கோவத்துல ஒதைக்கல. காது போயிடுச்சு சார், தறியில. எங்க ஆளுங்க கை காட்டினது மொதல்ல அதுக்குதான்."

டிரம்ஸ் நின்றது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான்கு வரிசை தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த புத்தூர்ப் பெண் வீட்டாரை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. (அந்தச் சம்பந்தம் அப்புறம் நடக்கவில்லை. அவர்கள் காரணம் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அம்மா ரொம்ப நாள் நைனாவோடு பேசாமல் இருந்தாள், நைனா என்ன தப்பு செய்தார் என்பது அவருக்கே தெரியாது.)

சந்து மாமாவுக்கு நேராக வந்து நின்றான். சத்தியவேட்டில் எல்லாரையும் போல அவனுக்கும் ரெண்டு பாஷையும் ஒரே வாயில் வரும்.

"முந்தே செப்பாலி கதா அண்ணா" என்றான். முன்னாடியே சொல்லியிருக்கணும் இல்லையா. "எங்க ஃபேக்டரி லைன்ல காதை அடைச்சிக்கினுதான் வேலை செய்யறோம். மிஷின் நின்னா மொதல்ல பாக்கறவன் கையைத் தூக்கணும். அவனைப் பாத்து அடுத்தவன். அப்படியே கடைசி வரைக்கும் போகும்." ரெஃபரியிடம் திரும்பினான். "வெளிய இருக்கறவங்க காட்டினாதானே சார் தப்பு? ஆடறவங்க தூக்கினா?"

ரெஃபரி நாயுடுவைப் பார்த்தார். நாயுடு இரண்டு கூட்டத்தையும் பார்த்தார். இரண்டு கூட்டமும் அவர் கடையில்தான் அரிசி வாங்குகிறது.

"பிளேயர்ஸ் தூக்கினா தப்புன்னு ரூல் ஒண்ணும் லேது" என்றார்.

மஞ்சள் அட்டை அப்படியே இருக்கும், அதை மாற்ற முடியாது என்றார் ரெஃபரி. மாமா தலையாட்டினார்.

யார் கையைப் பார்ப்பது

இரண்டாம் பாதியில் முதல் விசில். சந்துவின் கை மேலே போனது. பின்னாலேயே மணியின் கை. அப்புறம் இரண்டு டீமிலும் ஒவ்வொன்றாக. மாமா நின்றார். பந்துக்குப் பக்கத்தில், சரியாக. சத்தியவேட்டு டிரம்ஸ்காரர் இதற்கு ஒரு அடி சேர்த்துக்கொண்டார். கை தூக்கும்போதெல்லாம் 'டும்'. அது மாமாவுக்குக் கேட்டிருக்கும், மேளச் சத்தம்தானே.

மாமா பழைய மாமாவானார். பந்து அவரைத் தாண்டவில்லை. ஆனால் நாங்கள் ஒரு கோல் பின்னால்.

கடைசிக் கட்டத்தில் மாமா ஒருவனிடமிருந்து பந்தைப் பறித்தார். முன்னால் மணி தனியாக நிற்கிறான். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தில் யாரோ விசில் ஊதினார்கள். பண்டிகைக் கடையில் விற்கிற பிளாஸ்டிக் விசில். எந்தப் பக்கத்திலிருந்து என்று இன்றைக்கும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

எங்கள் கோல்கீப்பரே ஏமாந்தான். கையைத் தூக்கிவிட்டான். இன்னும் இரண்டு கை பாதி எழுந்தது. மாமா பந்தின் மேல் காலை வைத்து நிறுத்திவிட்டார்.

ரெஃபரி அவருக்கு முதுகுப்பக்கம் இருந்தார். எதிரே சந்து. அது ரெஃபரியின் விசில் இல்லை என்று சந்துவுக்குத் தெரியும். கையைத் தூக்கினால் போதும், மாமா அப்படியே நிற்பார், பந்து போய்விடும், கப் அவர்களுக்கு.

மாமா எங்கள் கோல்கீப்பரைப் பார்த்தார். பிறகு சந்துவைப் பார்த்தார்.

சந்து இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டான். தலையை மட்டும் இல்லை என்று அசைத்தான்.

மாமா உதைத்தார். நேராக, நீளமாக, எங்கள் ஒல்லி மைதானத்து உதை. மணி அதைக் கோலுக்குள் தள்ளினான்.

சத்தியவேட்டுக்காரர்கள் சந்துவைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ரெண்டு பாஷையிலும் திட்டினார்கள். செல்வி அக்கா பாட்டில்களைப் போட்டுவிட்டுக் கையைத் தூக்கிவிட்டார், நாங்கள் நாலு பேர் பாய்ந்து அவரை அமுக்கினோம்.

டைபிரேக்கரில் தோற்றோம். மணி அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதைப் பற்றி அவனே இந்தப் பத்திரிகையில் எழுதட்டும்.

வேன்

சாயங்காலம் நகரிக்குத் திரும்ப ஒரு வேன் பேசியிருந்தார்கள். டிரைவர் வெளியூர், எங்களை முன்பின் தெரியாது. மாமா முன் சீட்டில் ஏறினார், முழங்காலில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு. பின்னால் நாங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள்.

வண்டி புத்தூர் தாண்டியதும் டிரைவர் பேச்சுக் கொடுத்தார். "மேட்ச் இன்னாச்சு தம்பி? ஜெயிச்சீங்களா?"

மாமாவுக்கு ஏதோ கேட்கிறார் என்று மட்டும் தெரிந்தது. நைனா பின்னாலிருந்து பதில் சொல்ல வாயெடுத்தார். இத்தனை வருஷமாக அப்படித்தான், அவருக்காக யாராவது முந்திக்கொண்டு சொல்லிவிடுவோம்.

அதற்குள் மாமா டிரைவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அண்ணே, எனக்குக் காது கேக்காது" என்றார், தன் பெயரைச் சொல்கிற மாதிரி. "என் மூஞ்சியப் பாத்துப் பேசு."

டிரைவர் ஸ்டீயரிங்கைப் பார்த்தார், எதிரே வந்த லாரியைப் பார்த்தார்.

"உன் மூஞ்சியப் பாக்கறதா, ரோட்டப் பாக்கறதா? நீயே சொல்லு."

வேன் முழுக்கச் சிரிப்பு. நைனா சிரித்தார், மணி சிரித்தான், கடைசியில் அம்மாவும். மாமா எங்களைத் திரும்பிப் பார்த்தார். "இன்னா சொன்னாரு?"

செல்வி அக்கா ஸ்டீயரிங் பிடித்துக் காட்டி, லாரியைக் காட்டி, மாமாவின் முகத்தைக் காட்டி, எல்லாம் மோதி நொறுங்குவதையும் காட்டினார்.

நாங்கள் சிரித்து முடித்த பிறகு மாமா சிரிக்க ஆரம்பித்தார். நகரி வரும்வரை நிறுத்தவில்லை.